மெஷினில் கரண்ட் இல்லை

ரேவதியின் வலது கை திடீரென்று துள்ளி, தோலின் மேல் வைத்திருந்த டை கீழே விழுந்தது. டை என்பது ஷூவுக்கான பாகங்களைத் தோலிலிருந்து வெட்டியெடுக்கும் இரும்பு அச்சு. ஷிஃப்ட் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஆம்பூரில் எங்கள் ஷூ கம்பெனியின் கட்டிங் ஹாலில் தோல் வெட்டும் கிளிக்கிங் மெஷின்கள் பதினெட்டு. நான் சூப்பர்வைசர்.

"மெஷின்ல ஷாக் அடிக்குது சார்" என்றாள்.

எலெக்ட்ரீஷியன் யூசுப் பாயைக் கூப்பிட்டேன். எர்த் பார்த்தார், ஒயரை மாற்றினார், காலடியில் ரப்பர் மேட் போட்டார். மறுநாள் காலையும் கை துள்ளியது. மூன்றாம் முறை கூப்பிட்டபோது பாய் பேஜாராகிவிட்டார்.

"நான் தொட்டா ஒண்ணும் இல்ல. இது இன்னா சார் கரண்ட்டு, இந்தப் பொண்ணைப் பார்த்து மட்டும் அடிக்குது?"

ஹாலே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மெஷினில் இரண்டு பட்டன்கள். இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் டையை அமுக்கும் மேல் தலை இறங்கும். கை உள்ளே மாட்டக் கூடாது என்பதற்காக அப்படி. வேகம் போதவில்லை என்று ஒரு பட்டனில் தோல் துண்டைச் செருகி அமுக்கி வைப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். நான் பிடுங்கிப் போடுவேன். டீ குடித்துவிட்டு வருவதற்குள் திரும்ப இருக்கும். ரேவதியும் செருகியிருந்தாள். இடது கை டையை நகர்த்தும்போது வலது கை துள்ளி மற்ற பட்டனில் பட்டால்? படுத்தால் தூக்கம் வராமல் மனதுக்குள் அவள் விரல்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் காலை கேன்டீனில் அவள் கையிலிருந்த டீ டம்ளர் எகிறிப் போய்ச் சுவரில் பட்டது. அங்கே மெஷின் ஏது? கோளாறு அவள் கையில்தான், இனி அவள் மெஷினைத் தொடக் கூடாது. ஓடிப்போய் அவளுடைய மெஷினின் மெயினை ஆஃப் செய்தேன். ஏன் என்று கேட்டபடி பின்னாலேயே வந்தாள். பதில் சொல்வதற்குள் அவள் தோள்கள் இரண்டும் நான்கைந்து முறை வெட்டின. அப்படியே விழுந்தாள். கை கால் இழுத்தது.

ஒருவர் சாவிக்கொத்தை அவள் கையில் திணித்தார். இன்னொருவர் தோல் துண்டை மூக்கில் பிடித்தார், நாள் முழுக்கத் தோல் வாசனையிலேயே இருப்பவளுக்கு. எல்லோரையும் விலக்கி, அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு நிமிடத்தில் நின்றது. வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன்.

வேலூரில் டாக்டர் விளக்கினார். தூக்கம் வரும் நேரத்தில் உடம்பு தூக்கிப் போடுவது எல்லோருக்கும் உண்டு, அது நோயில்லை. விழித்திருக்கும்போது, அதுவும் எழுந்த கொஞ்ச நேரத்தில், நினைவு தப்பாமலே கை இப்படித் துள்ளினால் அது வலிப்பில் ஒரு வகையாக இருக்கலாம். மயோக்ளோனிக் என்று பெயர் சொன்னார். தூக்கம் கெட்டால் ஜாஸ்தியாகும். மாத்திரையை அவளாக நிறுத்தக் கூடாது. மெஷின் பக்கம் இப்போதைக்குப் போகவே கூடாது. ஓவர்டைம் முடித்து ஆலங்காயத்திலுள்ள வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, விடியுமுன் எழுந்து கிளம்புகிறவளுக்குத் தூக்கம் எங்கே?

மேனேஜர் அவளை அனுப்பிவிடச் சொன்னார். கெஞ்சிக் கூத்தாடி, ஓவர்டைம் இல்லாமல் செக்கிங் டேபிளில் உட்கார வைத்தேன். முன்பே இப்படி வந்ததுண்டா என்று பிறகு கேட்டேன். வீட்டில் தலை வாரும்போது சீப்பு கையிலிருந்து பறந்து விழுமாம், பல மாதங்களாக. அத்தனை மாதமும் அந்தக் கை மெஷினுக்குள் போய் வந்திருக்கிறது.

"அப்புறம் ஏம்மா ஷாக்குன்னு சொன்னே?"

"மெஷின்ல கோளாறுன்னா மெஷினை மாத்துவீங்க சார். எனக்குன்னா என்னை மாத்திடுவீங்க."

புதிதாக வரும் சூப்பர்வைசர்களுக்குச் சொல்கிறேன். கை துள்ளுகிறது என்று யாராவது வந்தால் மெஷினை நிறுத்துங்கள். அடுத்து, வேலை போகாது என்று சொல்லுங்கள். அதைக் கேட்ட பிறகுதான் அவர்கள் வாயிலிருந்து உண்மை வரும்.