திரும்பாத கழுத்து

எங்கள் வீட்டில் அப்பாவைப் பின்னாலிருந்து யாரும் கூப்பிடுவதில்லை. அவருக்குக் கழுத்து திரும்பாது. கூப்பிட்டால் ஆளே முழுதாகத் திரும்ப வேண்டும். அதற்குள் வலியில் முகம் சுருங்கிவிடும். "முன்னால போயி நின்னு பேசு கண்ணு" என்று அம்மா சொல்லிச் சொல்லியே எங்களுக்குப் பழகிவிட்டது. மூட்டை தூக்கிய முதுகு, வேறென்ன என்றுதான் நினைத்திருந்தோம். பாலக்காட்டுக்குக் கிழக்கே, எங்கள் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் வேலந்தாவளம் சந்தைக்குப் போனால் அப்படி விறைத்த ஆட்கள் நாலு பேரையாவது பார்க்கலாம்.

மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது, ஜாடிகளில் உறுப்புகளும் கண்ணாடிப் பெட்டிகளில் எலும்புகளும் இருக்கும் மியூசியத்துக்குப் பேராசிரியர் எங்களை அழைத்துப் போனார். ஒரு முதுகெலும்பை எடுத்து என்னிடம் நீட்டினார். வாங்கியதும் கை தாழ்ந்தது, அவ்வளவு கனம். எலும்புக் கண்ணிகள் எல்லாம் ஒட்டி ஒரே கட்டையாகியிருந்தன. பாலக்காட்டின் கிழக்கிலிருந்து வந்தது, ஆழமாகத் துளைத்த போர்க் கிணற்றுத் தண்ணீரிலுள்ள ஃபுளோரைடு எலும்பில் ஏறி இப்படி ஆகிறது என்றார். அந்த வியாதியை முந்தின வாரம்தான் புத்தகத்தில் படித்து முடித்திருந்தேன். அப்போது அப்பா நினைவுக்கு வரவில்லை. கையில் கனத்தபோதுதான் வந்தார்.

அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போய் அப்பாவின் முன்னால் நின்றேன். "அந்தத் தண்ணியக் குடிக்காதீங்கப்பா."

"ஊரே காஞ்சு கெடந்தப்ப அதுதான் நம்மளக் காப்பாத்துச்சு. அதப் போயி வெசம்ங்கறயே கண்ணு" என்றார். கோபமில்லை, மனம் விட்டுப்போன குரல். அம்மா கேன் தண்ணீர் வாங்கி வைத்தாள். அவர் தோட்டத்துக்குப் போனால் போர்த் தண்ணீரையே குடித்தார், கடைசிவரை.

இப்போது அதே மியூசியத்தில் நான் பாடம் எடுக்கிறேன். எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கும்போது இந்த எலும்புகளோடு ஏன் மாரடிக்கிறீர்கள் என்று கேலி செய்பவர்கள் உண்டு. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கம்ப்யூட்டரில் கனம் தெரியுமா?

ஆனால் அந்த அறைக்குள் தனியாகப் போக எனக்குப் பயம். அந்த முதுகெலும்பு சுவரைப் பார்த்தபடி இருந்தால், பெட்டியைச் சுற்றிக்கொண்டு முன்பக்கமாகப் போய்த்தான் நிற்பேன். பின்னால் நின்றால் அதற்குச் சிரமம் என்று தோன்றும். யாருடைய எலும்போ தெரியாது. அப்பா அங்கே நிற்கிறார் என்றுதான் எனக்கு இருக்கும்.

கல்லூரிக்கு வரும்வரை நானும் அந்தத் தண்ணீரைத்தான் குடித்தேன். தினமும் காலையில் கண்ணாடி முன் கழுத்தைத் திருப்பிப் பார்ப்பேன். திரும்பும். சில நாள் பிடித்துக்கொள்ளும்; தூங்கின வாகு சரியில்லை என்று சொல்லிக்கொள்வேன்.

போன மாதம் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி பின்னாலிருந்து "மேடம்" என்றாள். திரும்பி, அவள் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு மறுபடி பெட்டிப் பக்கம் நின்றேன். அவளுக்கு இன்னொரு சந்தேகம். இந்த முறை கூப்பிடவில்லை. பெட்டியைச் சுற்றிக்கொண்டு வந்து, என் முன்னால் நின்று கேட்டாள்.