பதினெட்டாவது குழிக்குக் கீழே

கதை என்று நினைத்துப் படிக்கிறவர்கள் படியுங்கள், எனக்கு நஷ்டமில்லை. ஆனால் இது நடந்தது. எனக்கு நடந்தது. அன்று நான் போட்டிருந்த ரப்பர் பூட்ஸ் இரண்டும் ட்ரம்ஷீலா மாளிகையின் புல்வெளிக்கு அடியில், கான்கிரீட்டுக்குள் இன்னமும் கிடக்கின்றன. சந்தேகம் இருந்தால் தோண்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் நூலா. கட்டட வேலைத் தளத்தில் மேற்பார்வை. ஆம்பிளைகளைக் கத்தி வேலை வாங்கியே தொண்டை கட்டிப்போனவள். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால், "வேற வேலை இல்லையா உனக்கு?" என்று எழுந்து போய்விடுவேன். அப்படிப்பட்ட ஆள்தான் நான்.

ட்ரம்ஷீலா எங்கள் ஊர்ப் பிரபுக் குடும்பத்தின் மாளிகை. அயர்லாந்தில் இப்படி ஊருக்கு ஒன்று உண்டு. கடைசி வாரிசும் லண்டனில் செத்த பிறகு, முப்பது வருஷம் அங்கே காக்கைகள்தான் குடித்தனம் நடத்தின. பிறகு லோர்கன் அதை வாங்கினான். கசாப்புக் கடைக்காரர் மகன். பள்ளியில் எனக்குப் பின் பெஞ்சில் உட்கார்ந்து என் பின்னலை இழுத்தவன். வெளிநாட்டில் சம்பாதித்து வந்து மாளிகைக்கே எஜமான் ஆகிவிட்டான். பதினெட்டுக் குழி கோல்ஃப் மைதானம், அறுபது வீடு, ஊருக்குப் பொதுவாக ஒரு நீச்சல் குளம், ஒரு குழந்தைகள் காப்பகம். பாதி ஊருக்கு அங்கேதான் வேலை.

மாளிகைக்கும் குதிரை லாயத்துக்கும் நடுவில் பெரிய புல்வெளி. அதன் அடியில் ஒரு செங்கல் சுரங்கம் போகிறது. அந்தக் காலத்தில் வேலைக்காரர்கள் நடப்பதற்காகக் கட்டியது. அவர்கள் புல்வெளியில் நடந்தால், ஜன்னலோரம் டீ குடிக்கும் சீமாட்டியின் கண்ணில் அழுக்கு ஏப்ரன் பட்டுவிடுமாம்! அதனால் கரி, தண்ணீர், சாப்பாடு, ஆட்கள் எல்லாம் பூமிக்கு அடியில். அங்கே இன்னொரு சட்டமும் இருந்தது. எதிரில் எஜமான் வந்தால் வேலைக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுவிட வேண்டும். அவர் கடந்து போகும்வரை முகத்தைக் காட்டக் கூடாது.

எங்கள் ஊரில் எல்லார் வீட்டிலும் அப்படிச் சுவரைப் பார்த்து நின்றவர்கள் இருந்திருக்கிறார்கள். அதனால் தளத்தில் அதுவே கேலியாகிவிட்டது. லோர்கனின் கார் வந்தால் போதும், "எஜமான் வர்றாரு டோய்!" என்று பையன்கள் வரிசையாகச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரிப்பார்கள். லோர்கனுக்கு மூக்கு சிவந்துவிடும். நானும் சிரித்திருக்கிறேன்.

பதினெட்டாவது குழி அந்தச் சுரங்கத்துக்கு நேர் மேலே வந்தது. புல் வெட்டும் வண்டி ஏறினால் கூரை தாங்காது. அதனால் சுரங்கத்தை அப்படியே கான்கிரீட் ஊற்றி நிரப்புவதாக முடிவு. நுரை கலந்த கான்கிரீட், கஞ்சி மாதிரி ஓடும். மாளிகைப் பக்கம் மேடு. அங்கிருந்து குழாய் வைத்து ஊற்றினால் தானாகவே லாயம் வரை இறங்கி வரும். லாயப் பக்க வாயில் பலகை அடித்து, ஓர் ஆள் நுழையும் அளவு மட்டும் சந்து விட்டிருந்தோம்.

ஊற்றுவதற்கு முன் ஒருவர் உள்ளே போய்ப் பார்த்துவர வேண்டும். மனிதருக்காக இல்லை, வௌவாலுக்காக. ஒரு வௌவால் செத்தாலும் அரசாங்கம் சும்மா விடாது.

டிசம்பர் மாதம். மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. பிற்பகல் மூன்று மணி. எங்கள் பக்கத்தில் அந்த மாதம் நாலு மணிக்கே இருட்டிவிடும்.

"லாரி வந்து நிக்குது நூலா," என்றான் லோர்கன். "நாலு மணிக்குள்ள ஊத்தலேன்னா எல்லாம் இறுகிப்போயிடும். சீக்கிரம் பாத்துட்டு வா."

"பறக்காதே. வௌவால் உன்னைக் கேட்டுட்டா தூங்குது?"

பம்ப் ஓட்டுகிறவர் மாலக்கி. ஐம்பதைத் தாண்டியவர், பேச்சு குறைவு. "நான் வேணா கூட வரட்டாம்மா?" என்றார்.

"எதுக்கு? வௌவாலுக்குக் கை குடுக்கவா? நீ பம்பைப் பாரு. எனக்கு ஒரு டீ போட்டு வை. ஆற விட்டுடாதே."

"நீ என்னிக்கு டீயை ஆற விட்டிருக்கே?" என்று சிரித்தார்.

மூன்று பத்துக்குச் சந்துக்குள் நுழைந்தேன்.

உள்ளே குளிர்ந்து கிடந்தது. தலைவிளக்கு வெளிச்சத்தில் ஈரச் செங்கல். சொட்டு... சொட்டு... என்று எங்கோ தண்ணீர். கூரை முழுவதும் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஒரு வௌவால்கூட இல்லை. பாதி தூரம் போயிருப்பேன். திடீரென்று கரிப்புகை வாசனை வந்தது. கூடவே இறைச்சி வேகும் வாசனை. பையன்கள் மேலே ஏதாவது வாட்டிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன்.

இன்னும் கொஞ்சம் நடந்தேன். யாரோ இருமினார்கள். பெண் இருமல். அடக்கிக்கொள்ளப் பார்த்து, முடியாமல் வருகிற இருமல்.

விளக்கைத் திருப்பினேன்.

ஒரு பெண் சுவரை ஒட்டி நின்றிருந்தாள். முதுகு எனக்கு. நீளப் பாவாடை, பின்னால் முடிச்சுப் போட்ட ஏப்ரன். நெற்றி செங்கல்லில் பட்டுக்கொண்டிருந்தது.

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. "எவடி அவ? உன்னை யாரு உள்ள விட்டது? இன்னும் கொஞ்ச நேரத்துல இங்க கான்கிரீட் ஊத்தப் போறாங்க. விளையாட்டா உனக்கு? திரும்புடி!"

திரும்பவில்லை.

பையன்கள்தான் என்னைப் பயமுறுத்த ஏற்பாடு செய்திருக்கிறார்கள் என்று நிச்சயமாக நம்பினேன். அவளுக்கு அப்பால் இன்னொருத்தி. அதே பாவாடை. அதே நிற்பு. அதற்கும் அப்பால்...

எத்தனை பேர் என்று எண்ணவில்லை. ஏனென்றால் அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். ஈரத் தரையில் என் பூட்ஸ் தடம் மட்டும்தான் இருந்தது.



திரும்பி ஓடலாம் என்று காலை எடுத்தேன். தலைவிளக்கு ஒரு முறை மங்கியது. இன்னொரு முறை... அணைந்துவிட்டது.

இருட்டு.

லாயப் பக்கமிருந்து காலடிச் சத்தம் வந்தது. டக்... டக்... கூடவே சீட்டி. அந்தச் சீட்டியை எனக்குத் தெரியும். லோர்கன்! என்னைத் தேடிக்கொண்டு வருகிறான். உயிர் வந்தது எனக்கு. கத்துவதற்காக வாயைத் திறந்தேன்.

என் பின்னந்தலையில் ஒரு கை விழுந்தது.

சில்லென்ற கை. விரல்கள் சொரசொரவென்று, சலவைச் சோடாவில் பாத்திரம் தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்த விரல்கள். கோபமாக இல்லை. குழந்தைக்குத் தலை குளிப்பாட்டுகிற அம்மா பிடிப்பதைப் போலப் பிடித்து, என் முகத்தைச் சுவரோடு சேர்த்து அழுத்தியது.

காதோரம் ஒரு குரல்.

"எஜமான் வர்றாரு. திரும்பாதே."

மாதாவே! நான் வலு இல்லாதவள் இல்லை. சிமெண்ட் மூட்டை தூக்குவேன். அந்தக் கைக்கு அடியில் என்னால் கழுத்தை ஒரு விரல் அளவுகூட அசைக்க முடியவில்லை. வாய் செங்கல்லில் அழுந்தியிருந்தது. குரல் வெளியே வரவில்லை. எனக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மூச்சு விடும் சத்தம் கேட்டது. என்னையும் வரிசையில் சேர்த்துவிட்டிருந்தார்கள்.

டார்ச் வெளிச்சம் வந்தது.

"நூலா!" லோர்கன் கூப்பிட்டான். "எங்கடி தொலைஞ்சே?"

என் முதுகுக்குப் பின்னால் வந்துவிட்டான். வெளிச்சம் என் மூக்குக்கு நேர் எதிரே செங்கல்லில் விழுந்தது. பளிச்சென்று. என் நிழல் விழவில்லை.

விளக்குக்கும் சுவருக்கும் நடுவில் நான் நிற்கிறேன். நிழல் இல்லை.

அவன் கோட்டுக் கை என் முதுகில் உரசியது. ஷேவிங் சோப்பு வாசனைகூட வந்தது. 'லோர்கன், இங்க இருக்கேன். லோர்கன்...' உள்ளுக்குள் அலறினேன். கண்ணீர் செங்கல்லில் வழிந்தது. அவன் நிற்கவே இல்லை. சீட்டி அடித்தபடி கடந்து போனான்.

மேட்டுப் பக்கம் கதவு சாத்தும் சத்தம். பிறகு, தூரத்தில், அவன் குரல்.

"உள்ள யாரும் இல்ல! ஊத்து!"

பம்ப் ஓட ஆரம்பித்தது. தட்... தட்... தட்...

கை விலகவில்லை.

தட்... தட்... தட்...

என் மகளுக்கு அப்போது ஆறு வயது. சாயங்காலம் பள்ளி வாசலில் காத்திருப்பாள். அம்மா ஏன் வரவில்லை என்று கேட்பாள். இந்தக் கல்லுக்குள் நான் இருப்பது யாருக்கும் தெரியாது. மேலே கோல்ஃப் ஆடுவார்கள்.

பூட்ஸைச் சுற்றி ஏதோ வெதுவெதுப்பாக ஊர்ந்து வந்தது.

கணுக்கால்.

மேலே ஏறியது...

யாரும் நகரவில்லை. நானும்.

முழங்காலைத் தொட்டது.

அப்போது லாயப் பக்கம் ஒரு சத்தம். கஞ்சியில் இறங்கி நடப்பது போல. சளக்... சளக்... நின்றது. மறுபடி இரண்டு அடி. நின்றது. அந்த நிலைமையிலும் எனக்கு எரிச்சல் வந்தது. யாரது, நேரே வராமல் நின்று நின்று வருவது?

சளக்...

என் தோளில் ஒரு கை. சூடான கை. என்னைத் திருப்பியது.

மாலக்கி.

டார்ச்சைப் பல்லில் கடித்திருந்தார். முகம் வெளுத்துக் கிடந்தது. இடுப்பைப் பிடித்து இழுத்தார். கால்கள் பூட்ஸிலிருந்து உருவிக்கொண்டு வந்தன. சாக்ஸோடு ஓடினேன். சந்து வழியாக வெளியே விழுந்தேன். மழை முகத்தில் பட்டபோதுதான் கத்தினேன். கத்திக்கொண்டே இருந்தேன்.

லோர்கன் மாளிகைப் பக்கமிருந்து ஓடி வந்தான். அவனைச் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். "என் முதுகுல உரசிக்கிட்டுப் போனியேடா பாவி!"

அவன் அழுதுவிட்டான். "சத்தியமா சொல்றேன் நூலா. இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் டார்ச் அடிச்சுப் பார்த்தேன். ஒரு எலிகூட இல்ல. நீ மேட்டுப் பக்கமா வெளியே போயிட்டேன்னு நெனச்சேன்."

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயம்.

மாலக்கி ஏன் உள்ளே வந்தார் என்பதற்கு அன்று ஒரே பதில்தான் சொன்னார். "டீ ஆறிப்போச்சும்மா. நீ வரல." பம்ப் ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்த டம்ளர் அவர் கண்ணில் பட்டிருக்கிறது. பம்பை நிறுத்திவிட்டு ஓடி வந்திருக்கிறார். குழாயில் இருந்தது அத்தனையும் அதற்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மறு நாள் வேறு ஆட்களை வைத்து மிச்சத்தையும் ஊற்றி முடித்தார்கள். மாலக்கி அதற்கு வரவில்லை. அந்த வாரமே வேலையை விட்டுவிட்டு கால்வே நகரத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். போன் செய்தால் எடுப்பதில்லை.

ஒரு வருஷம் கழித்து ஊரில் ஒரு சாவு. அங்கே மாலக்கி வந்திருந்தார். எங்கள் ஊர்ச் சாவு வீட்டில் விஸ்கி கொடுப்பார்கள்; கொல்லைப் பக்கம் அந்த டம்ளரோடு தனியாக நின்றிருந்தார். பாதி ஆளாக இளைத்திருந்தார். விடவில்லை நான். போய் எதிரில் நின்றேன்.

"எனக்கு உயிர் குடுத்தவன் நீ. ஏன்யா என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்கறே?"

டம்ளரைக் கைக்குள் சுற்றிக்கொண்டிருந்தார்.

"லோர்கன் டார்ச் அடிச்சும் என்னைப் பாக்கல. நீ எப்படிப் பாத்தே?"

"நீ மட்டும் நிக்கலம்மா. வரிசையா நின்னாங்க. அஞ்சு பேர்."

"அப்புறம்?"

"ஒவ்வொருத்தரா தோளைத் தொட்டுத் திருப்பினேன்."

"திரும்பினாங்களா? முகத்தைப் பார்த்தியா?"

டம்ளரைக் கீழே வைத்தார்.

"அஞ்சும் நீதான் நூலா. அதே ஜாக்கெட். அதே முகம். அஞ்சு பேர் கண்ணுலயும் தண்ணி."

அதோடு விட்டிருக்க வேண்டும். வாய் சும்மா இருக்கவில்லை. கேட்டுவிட்டேன்.

"அப்போ... நான்தான்னு எப்படிக் கண்டுபிடிச்சே?"

அவர் அன்றைக்குத்தான் என் முகத்தை நேராகப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"கண்டுபிடிக்கலம்மா. கான்கிரீட் முழங்காலுக்கு மேல வந்துடுச்சு. கைக்குக் கிடைச்ச ஒருத்திய இழுத்துக்கிட்டு ஓடி வந்தேன்."