சுவருக்கு அப்பால் சொன்ன எண்கள்

இதைப் படித்துவிட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கலாம். நேரங்களை அன்றைக்கே ஒரு தாளில் குறித்துவைத்தேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

உலோகங்களின் அரிப்பைச் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். ஒரு தொழிற்சாலை பழைய அமிலக் கலன் ஒன்றை விலைக்கு வாங்கியிருந்தது. அதன் உட்சுவர் டைட்டானியம் கலப்புலோகத் தகடு. தகடு இன்னும் தாங்குமா என்று கேட்டு, அதிலிருந்து வெட்டிய பன்னிரண்டு துண்டுகளை அனுப்பியிருந்தார்கள். நான் ‘தாங்கும்’ என்று கையெழுத்திட்டால் கலன் ஓடும். ஓட்டப்போகிறவர் என் தங்கையின் கணவர். எட்டு மாதமாக வேலை இல்லாமல் இருந்தவர்.

துண்டுகளை எங்கள் ஆய்வகத்தின் சிறிய சோதனைக் கலனில் அமிலத்தில் தொங்கவிட்டு, 250 டிகிரி சூட்டில், 40 பார் அழுத்தத்தில் முப்பது நாள் வைத்திருந்தோம். ஆக்சிஜனும் போய்க்கொண்டே இருக்க வேண்டும். டைட்டானியத்தின் மேல் படியும் மெல்லிய ஆக்சைடு தோல்தான் அதன் கவசம். ஆக்சிஜன் தீர்ந்தால் கவசம் கரையும்.

எங்களிடம் ஒரு முறை உண்டு. ஒருவர் சோதனைக் கலனைச் சுற்றியுள்ள கான்கிரீட் சுவருக்கு உள்ளே நின்று அளவுகளை உரக்கச் சொல்வார். சுவருக்கு வெளியே மேசையில் இருப்பவர் அதைத் திருப்பிச் சொல்லி எழுதுவார்.

கடைசி நாள் ஞாயிறு. நானும் தராசு அக்காவும் மட்டும் இருந்தோம்; நான் உள்ளே, அவர் வெளியே மேசையில். எடை போடுவது அவர் வேலை. அதனால் அந்தப் பெயர்.

“துண்டு தேயலன்னா உங்க மாப்பிள்ளை விருந்து வெக்கணும், தம்பி.”

“அவர் எங்க வெக்கிறது? தங்கச்சி சமைப்பா, காய் நான் வாங்கிட்டுப் போகணும்.”

மதியம் 2:45. “இருநூத்தம்பது. நாப்பது. ஆக்சிஜன் ஆறு.” அக்கா திருப்பிச் சொன்னார்.

3:00. அதே எண்களைச் சொன்னேன்.

“...ஆக்சிஜன் அஞ்சு.”

குரல் கரகரத்தது. பம்ப் இரைச்சல் என்று நினைத்தேன்.

“ஆறுக்கா.”

இன்னொரு முறை உரக்கச் சொன்னேன்.

3:15. “ஆக்சிஜன் ஆறு.”

“மூணு...”

ஆண் குரல்.

மானியை விரலால் தட்டினேன். முள் ஆறிலேயே நின்றது.

3:30. “ஒண்ணு...” அந்தக் குரலுக்கு மூச்சு வாங்கியது.

3:45. நான் வாயே திறக்கவில்லை.

“ஒண்ணுமில்ல... ஆக்சிஜன் ஒண்ணுமில்ல...”

டங்.

இரும்பில் இரும்பு. சத்தம் என் கலனிலிருந்து இல்லை.

சுவரைச் சுற்றி ஓடினேன்.

நாற்காலி காலி.

நோட்டில் 2:45-க்குப் பிறகு ஒரு வரிகூட இல்லை.

அக்கா எடை அறையில் இருந்தார். “ரெண்டு அம்பதுக்கே வந்துட்டேனே. சொல்லிட்டுத்தானே வந்தேன்?”

“வேற யாராவது உள்ள வந்தாங்களா?”

“கதவுச் சாவி என் இடுப்புல இருக்கு. ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?”

திங்கட்கிழமை சோதனைக் கலனைத் திறந்தோம். பன்னிரண்டு துண்டிலும் ஒரு மில்லிகிராம் குறையவில்லை. எடை குறையாவிட்டால் தேர்ச்சி. அதற்கு மேல் நாங்கள் எதையும் பார்ப்பதில்லை.

“கையெழுத்தப் போட்டுட்டு வீட்டுக்குப் போங்க,” என்றார் அக்கா.

பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. ஒரு துண்டை இடுக்கியில் இறுக்கி வளைத்தேன். டைட்டானியம் வளைய வேண்டும். அது சாக்பீஸ் மாதிரி முறிந்தது. அடுத்ததும்.

முன்பு எப்போதோ கவசம் போன சமயத்தில் தகடு ஹைட்ரஜனைக் குடித்து உள்ளுக்குள் நொறுங்கிப்போயிருக்கிறது. அதைத் தராசு காட்டாது.

‘தகுதியில்லை’ என்று எழுதினேன். கலன் ஓடவில்லை. மாப்பிள்ளைக்கு வேலையும் இல்லை.

“ஒரு கையெழுத்துண்ணா. அதப் போட உனக்கு மனசு வரல,” என்றாள் தங்கை. குரலைப் பற்றி அவளிடம் நான் சொல்லவில்லை.

ஐந்து வாரம் கழித்து, அந்தக் கலன் முன்பு ஓடிய ஆலையின் விபத்து விசாரணை அறிக்கை கைக்கு வந்தது. பதினொரு வருடத்துக்கு முந்தையது. ஆக்சிஜன் குழாய் அடைத்திருக்கிறது. தானியங்கிக் கருவி வரைந்த தாளில் ஆக்சிஜன் அளவு: 3:00, ஐந்து. 3:15, மூன்று. 3:30, ஒன்று. 3:45, பூஜ்யம். அதன் பிறகு ஒரு குழாய் இணைப்பு பிய்த்துக்கொண்டது. அங்கும் எங்கள் முறைதான்; உள்ளே நின்று அளவு சொன்னவர் அங்கேயே இறந்தார். வெளியே எழுத வேண்டியவர் எழுந்து போயிருந்தார்.

கடைசிப் பக்கத்தில் காவலாளியின் வாக்குமூலம். முக்கால் மணி நேரம் உள்ளேயிருந்து எண்கள் கேட்டனவாம்.

யாரோ எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தாராம்.