பாதி மாடி காற்றுக்கு

வீடு வரைகிற தொழிலில் ஒரே ஒரு வாக்கியத்துக்குத்தான் பயப்பட வேண்டும்: "அந்த இடம் சும்மாதானே கிடக்கு, ஒரு ரூம் போட்டுடலாமே!" ஃப்ளாட்டில் குடியிருக்கும் அன்பர்களே, உங்கள் ஹாலில் பட்டப்பகலில் லைட் போட வேண்டியிருக்கிறதா? சித்திரை மாதம் ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டு ஏசியின் அனல்தான் உள்ளே வருகிறதா? அப்படியானால் நீங்களும் நானும் அந்த வாக்கியத்தால் அடிபட்டவர்கள்.

நான் திருச்சியில் ஆர்க்கிடெக்ட். வயலூர் ரோடு பக்கம் பதினான்கு மாடிக் குடியிருப்பு ஒன்று என் கைக்கு வந்தது. மொட்டை மாடியில் சூரிய மின்சாரம், குளித்த தண்ணீரைச் சுத்தம் செய்து மறுபடியும் கழிப்பறைக்கும் செடிகளுக்கும் விடும் ஏற்பாடு, மழைநீர்த் தொட்டி எல்லாவற்றுக்கும் முதலாளி தலையாட்டிவிட்டார். சண்டை வந்தது காற்றில்தான். ஐந்து, ஒன்பது, பதின்மூன்று ஆகிய மூன்று மாடிகளில் பாதி இடத்தை நான் காலியாக விட்டிருந்தேன். சுவர் கிடையாது. தூண்கள், செடிப் பாத்திகள், உட்கார நாலு பெஞ்சு, அவ்வளவுதான். மேற்கிலிருந்து வரும் காற்று அந்தத் திறப்பில் புகுந்து, நடு முற்றம் வழியாக எல்லா வீடுகளுக்கும் போய்ச் சேரும். அதற்குக் 'காத்து மாடி' என்று நானே பெயரும் வைத்துவிட்டேன்.

இதற்கு முன்னால் வேறொரு கட்டிடத்திலும் இதே மாதிரி வரைந்தேன். பாதி கட்டியதும் அடைத்து வீடாக்கிவிட்டார்கள். அங்கே இருப்பவர்கள் காலையிலேயே ஏசியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தத் தெரு வழியாக இன்றுவரை நான் போவதில்லை, சுற்றிக்கொண்டுதான் போகிறேன். இந்த முறை விடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

மாடலில் வீடு குறைகிறது

அட்டையில் செய்த மாடலை முதலாளியின் மேஜையில் வைத்த நாளில் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. முதலாளி சிமெண்ட் கடையிலிருந்து வளர்ந்தவர். கம்பி, மணல், கொத்தனார் எல்லாம் அவருக்கு அத்துப்படி. மாடலை நாலு பக்கமும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஐந்தாவது மாடியின் திறப்புக்குள் சுண்டு விரலை விட்டுப் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு பரிதாபம். அசந்துபோய்விட்டார் என்று நான் நினைத்தேன்.

"பசங்க அவசரத்துல மூணு எடத்துல வீடு ஒட்ட மறந்துட்டாங்க போல. பரவால்ல மேடம், திட்டாதீங்க, நாளைக்கு ஒட்டிக் குடுக்கச் சொல்லுங்க."

நாலு பேர் வேணும்

மறக்கவில்லை, வேண்டுமென்றே விட்டது என்று விளக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. அதற்குள் ஐந்தாவது மாடிக்குக் கான்கிரீட் போட்டாகிவிட்டது. அது பிழைத்தது. ஒன்பதும் பதின்மூன்றும் அந்தரத்தில் தொங்கின. அடுத்த வரைபடம் ஆவணி முதல் வாரம் சைட்டுக்குப் போக வேண்டும்.

ஒரு நாள் முதலாளி என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். கோபமாகப் பேசியிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். மனுஷன் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, சிரித்துக்கொண்டே சொன்னார். ஆடி மாதத்தில் நம் ஊரில் யாராவது வீடு புக் பண்ணுவார்களா? அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"ஆடி முடியறதுக்குள்ள, இந்தக் காத்து மாடி இருக்குங்கறதுக்காகவே வீடு வேணும்னு நாலு பேர் புக் பண்ணட்டும் மேடம். நான் தொடவே மாட்டேன். இல்லேன்னா அடைச்சுடுவோம், நீங்க வருத்தப்படக் கூடாது."

அறுபத்திரண்டு கேள்விகள்

மூன்றாவது மாடியில் சித்திரையிலேயே வீடு புக் பண்ணியிருந்தவர் ஒரு ரிட்டயர்ட் என்ஜினியர். கைலாசபுரம் குவார்ட்டர்ஸில் முப்பது வருஷம் மரங்களுக்கு நடுவே வாழ்ந்தவர். அவருக்கு எதையும் நிரூபித்துக் காட்ட வேண்டும். ஆடி முதல் ஞாயிற்றுக்கிழமை மூன்று தாள் நிறையக் கேள்விகளை டைப் அடித்து, நம்பர் போட்டு எடுத்து வந்தார். மொத்தம் அறுபத்திரண்டு. ஆபீஸில் உட்கார்ந்து பேசினால் தோற்றுவிடுவேன் என்று அவரை ஹெல்மெட்டுடன் ஐந்தாவது மாடிக்கு அழைத்துப் போனேன்.

சாமான் ஏற்றும் சைட் லிஃப்டை விட்டு வெளியே வந்தோம். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தாளை விரித்து, தொண்டையைச் செருமினார். அடித்தது பாருங்கள் ஒரு ஆடிக் காற்று! மூன்று தாளும் கையை விட்டுக் கிளம்பி, தூண்களுக்கு நடுவே புகுந்து, மலைக்கோட்டைப் பக்கம் பறந்தே போய்விட்டன. எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது. அடக்கிக்கொண்டு, "கேள்வி போயிடுச்சே சார்" என்றேன். அவர் தாள் பறந்த திசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விடுங்க மேடம். முதல் கேள்வியே 'காத்து வருமா'ங்கறதுதான்."

துள்ளிக்கொண்டு போய் முதலாளியிடம் சொன்னேன். "அவர் சித்திரையிலயே புக் பண்ணிட்டாரே, கணக்குல வராது" என்றார்.

சூரியன் யாருக்கு?

சமயபுரத்தில் பூஜைப் பொருள் கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர் கணவரோடு வந்தார். காத்து மாடியைப் பற்றி நான் கால் மணி நேரம் பேசினேன். அக்கா காதில் வாங்கவே இல்லை. அவர் கண்ணெல்லாம் மொட்டை மாடி வரைபடத்தில் இருந்தது. அங்கே மூலைக்கு மூலை நீல நீலமாகச் சூரியத் தகடுகள்.

"இம்புட்டு வெயிலும் கரண்டுக்கேவா? வடகம் எங்க காய வைக்கிறது? மிளகா எங்க காய வைக்கிறது?" என்றார். காத்து மாடியில் காய வைக்கலாமே என்று நைசாக நுழைத்துப் பார்த்தேன். "நிழல்ல காஞ்சா அது வடகமா?" என்று ஒரே அடி. அந்த வெயிலில்தான் லிஃப்ட் ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது என்று நானும் மூச்சுப்பிடித்து வாதாடினேன். அன்று மாலையே தென் பக்கத்து வரிசைத் தகடுகளை வரைபடத்திலிருந்து எடுத்தேன். எடுக்க வைத்தது அக்கா சொன்ன பதில்தான்.

"லிஃப்ட் ஒரு நாள் நின்னா நடந்து ஏறிக்கலாங்க. வடகம் ஒரு நாள் காயலேன்னா ஊசிப்போயிடும்."

மேலாத்துல என்ன?

ஆடி பாதி வந்தாகிவிட்டது. காற்றைக் கேட்டு ஒருவர்கூட வரவில்லை. அப்போதுதான் ஸ்ரீரங்கம் சித்திரை வீதியிலிருந்து ஒரு மாமாவும் மாமியும் வந்தார்கள். மாமாவுக்கு முழங்கால் வலி, இரண்டாவது மாடி போதும் என்றார். வீட்டின் ஈசான மூலையில் பூஜைக்கென்று நான் வரைந்திருந்த சின்ன இடத்தைக் காட்டினேன். தன் வீட்டுப் பெருமாள் மாடத்துக்கு இடம் கிடைத்ததில் மாமாவுக்கு முகம் மலர்ந்தது. "கோவிலாழ்வார் இங்கே எழுந்தருளியிருக்கலாம். சரி, இதுக்கு நேர் மேலே மேலாத்துல என்ன?" என்றார்.

"அங்கேயும் பூஜை இடம்தான் மாமா, எல்லா வீட்டிலும் ஒரே இடம்" என்றேன் பெருமையாக. பெருமாள் தலைக்கு மேலே வேண்டாதது எதுவும் வந்துவிடக் கூடாதே என்று மாமா அதோடு விடவில்லை. மேலே மூன்றாவது மாடி யாருடையது என்று விசாரித்தார். நம் கைலாசபுரத்து என்ஜினியருடையது! போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். "பூஜை ரூமா? எனக்கெதுக்கு மேடம், அந்த மூலையில வாஷிங் மெஷின்னு முடிவு பண்ணியாச்சு" என்றது போன். மாமி காதைப் பொத்திக்கொண்டார். இத்தனை வருஷ சர்வீஸில், நான் பூஜை இடம் என்று வரைந்தால் எல்லோரும் அங்கே பூஜைதான் செய்வார்கள் என்று நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். வெட்கமாகிவிட்டது.

அவர்கள் எழுந்துவிட்டார்கள். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. நாலாவது மாடி! அதற்கு மேலே பாதி மாடி காத்து மாடிதானே? "மாமா, உட்காருங்கோ! நாலாவதுல மூணு வீட்டுக்கு நேர் மேலே யார் வீடும் கிடையாது!" என்று கத்தியேவிட்டேன். "அங்கே ஜனங்கள் நடமாட மாட்டாளோ?" என்றார். வரைபடத்தை விரித்தேன். பூஜை இடத்துக்கு நேர் மேலே செடிப் பாத்தி. யாரும் மிதிக்கவே முடியாது. "என்ன செடி?" வரைபடத்தில் 'செடி' என்றுதான் இருந்தது, என் வாய் தானாகத் 'துளசி' என்றது. "திருத்துழாய்" என்று திருத்தினார். "அதுக்கு எந்தத் தீர்த்தம்?" குளித்த தண்ணீர் என்று சொல்லியிருந்தால் அன்றோடு கதை முடிந்திருக்கும். "மழைத் தண்ணீர், தனிக் குழாயில்" என்றேன். இல்லாத அந்தக் குழாயை அன்று சாயங்காலமே வரைந்து சேர்த்தேன். மாமா கண்ணை மூடிக் கைகூப்பினார்.

"எம்பெருமானுக்கு மேலே திருத்துழாய், திருத்துழாய்க்கு மேலே காத்து. அடியேனுக்கு இந்தக் கிருஹமே போதும். ஆனா இப்போ ஆடின்னா நடக்கறது, எப்படிக் கையெழுத்துப் போடறது?"

அம்மா மண்டபத்தில் கிளம்பியது

அன்றைக்கு நான் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. கேட்டு வந்த ஒரே ஆளும் ஆவணிக்குப் போய்விட்டார். ஒன்பதாவது மாடியை அடைத்து ஒரு வரைபடம், திறந்து ஒரு வரைபடம் என்று இரண்டாகப் போட்டு வைத்தேன். அடைத்ததைப் போடும்போது கை வரவே இல்லை. இந்தப் பதற்றத்தில் திருச்சிக்காரியான நானே ஒன்றை மறந்துவிட்டேன். ஆடியிலும் ஒரு நல்ல நாள் இருக்கிறது.

ஆடிப் பதினெட்டு அன்று காலை ஆபீஸ் வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. மாமா அம்மா மண்டபத்தில் காவிரியில் தீர்த்தமாடிவிட்டு, ஈர வேஷ்டியோடு அங்கிருந்தவர்களிடமெல்லாம் திருத்துழாய் வனத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார். அவர்களில் பலர் மஞ்சள் கயிறு கட்டிய கையோடு நேரே இங்கே வந்துவிட்டார்கள். மாமா முதல் கையெழுத்துப் போட, நாலாவது மாடியின் மூன்று வீடும் பத்து மணிக்குள் போயிற்று. அடுத்து நின்றவர்கள் எட்டாவது மாடியைக் கேட்டார்கள், அதற்கு மேலே ஒன்பதாவது திறந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு! கூட்டத்தை இடித்துக்கொண்டு சமயபுரத்து அக்காவும் வந்து நின்றார். "எங்க மாரியாத்தா படத்துக்கு மேல மட்டும் யாரு வேணா மிதிக்கலாமா? எனக்கும் எட்டாவதுதான்" என்றார். மத்தியானத்துக்குள் எட்டாவதும் முடிந்து, பன்னிரண்டாவதின் மூன்று வீட்டுக்கு ஐந்து பேர் நின்றார்கள். முதலாளி நாலு பேர் கேட்ட இடத்தில் பதினோரு பேர்! உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நான் அழுதேன், சிரித்தேன், அடைத்து வரைந்த அந்த வரைபடத்தை நாலாகக் கிழித்தேன்.

வெளியே வந்தால் முதலாளி மாடலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். வீடு கிடைக்காத இரண்டு பேர் அவரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மனுஷன் ஒவ்வொரு மாடியாக விரலை வைத்து எண்ணிக்கொண்டே போனார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏன் மேடம், ஒண்ணு விட்டு ஒண்ணு காத்து மாடியா போட்டுட்டா என்ன?"

காற்றோட்டத்தைப் பற்றி நான் மாதக்கணக்கில் தொண்டை வறளப் பேசியும் ஒரு வீடுகூடப் புக் ஆகவில்லை, சாமிக்கு மேலே வாஷிங் மெஷின் வைப்பேன் என்று ஒரே போனில் சொன்னவரால் என் கட்டிடம் மூச்சு விடுகிறது.