காயவைத்த கண்ணாடிகள்

இந்த வாரம் கோபத்தில் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

யுத்தம் வந்த பிறகு எங்கள் ஆவடியில் முளைத்த கிடங்குகளில் ஒன்று, ராணுவ லாரிகளுக்குச் சாமான் சப்ளை செய்யும் ஒரு கான்ட்ராக்டருடையது. அங்கே வேலை பார்க்கும் கண்ணாயிரம் எனக்கு அடுத்த வீட்டுக்காரன். போன செவ்வாய்க்கிழமை காலை என் வாசலில் வந்து நின்றான். முகத்தில் ஈயாடவில்லை.

"வேலய வுட்டுத் தூக்கிட்டாங்க அண்ணாத்தே. டிரைவருங்க போட்டுக்கிற தூசிக் கண்ணாடிய எல்லாம் நான் ஒடச்சிட்டேனாம். தொட்டாலே படக்குனு புட்டுக்கினு போவுது... நான் இன்னா பண்றது?"

கண்ணாடி என்று பேர்தான், உண்மையில் செல்லுலாய்ட் தகடு. புதிதில் வெற்றிலை மாதிரி வளையும். அது ஏன் உடைகிறது?

விசாரித்தேன். கிடங்கு சூப்பரின்டெண்டுக்கு ஈரம் என்றாலே ஆகாது. கம்பளி, பூட்ஸ், கண்ணாடி — எல்லாவற்றையும் கண்ணாயிரம் தினமும் வெயிலில் பரப்ப வேண்டும் என்று உத்தரவு. வடகமா போடுகிறார் மனுஷர்? நம் ஊரில் எதற்கும் வெயில்தானே மருந்து!

எனக்குத் தெரிந்த சயன்ஸ் வாத்தியாரைக் கேட்டேன். வெயிலில் கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் உண்டாம். மாதக்கணக்கில் அவை பட்டால் செல்லுலாய்ட் மஞ்சளாகி, வளைகிற குணம் போய், நொறுங்குமாம்.

கண்ணாயிரத்தை அழைத்துக்கொண்டு கிடங்குக்குப் போனேன்.

"இவன் கை கையா, உலக்கையா?" என்று வரவேற்றார் சூப்பரின்டெண்ட்.

பிரிக்காத பெட்டியிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்து வளைக்கச் சொன்னேன். வளைந்தது. வெயிலில் கிடந்ததை எடுத்தார். அவர் கையிலேயே... படக்! வெயில் படாமல் தோல்பட்டை மூடியிருந்த ஓரம் மட்டும் தெளிவாக இருந்தது. மற்றதெல்லாம் மஞ்சள்.

"வெயில் இப்படிப் பண்ணும்னு யார் கண்டா?" என்றார்.

தெரியாமல் உத்தரவு போட்ட உங்களுக்கு ஒரு நியாயம், அந்த உத்தரவுப்படி நடந்தவனுக்கு ஒரு நியாயமா? இவனுடைய மூன்று பிள்ளைகளின் சோற்றில் கை வைத்தீர்களே என்று கேட்டேவிட்டேன். ஒரு வார்த்தை வருத்தம் வரவில்லை அவர் வாயிலிருந்து.

மறுநாள் கண்ணாயிரத்துக்கு வேலை திரும்பக் கிடைத்தது. கூடவே ஒரு காகிதமும். படிக்கத் தெரியாததால் என்னிடம் கொண்டுவந்தான்.

"இன்னா எழுதிக்கீது அண்ணாத்தே?"

படித்தேன். 'கண்ணாடிகள் வெயிலால் கெட்டன. கண்ணாயிரம் இனி ஜாக்கிரதையாக இருக்கும்படி எச்சரிக்கப்படுகிறான்.'

வெயிலில் வைக்கச் சொன்னவர் பெயர் அதில் எங்கேயும் இல்லை.

சூரியனுக்கு மெமோ கொடுக்க முடியாது... சூப்பரின்டெண்டுக்குக் கொடுக்க ஆளில்லை. இருக்கவே இருக்கிறான் கண்ணாயிரம்!