மருதாள் வீட்டு மாடியில் எரிமலைக்கல்

மருதாள் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து அருள்புரத்துக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. ஜீன்ஸ் துவைக்கும் வாஷிங் யூனிட்டில் இரவு ஷிப்டு. துணி வெளுத்துப் பழசுபோலத் தெரிவதற்காக மெஷினில் கல்லைப் போட்டு ஓட்டுவார்கள். பேண்ட் பாக்கெட்டுகளில் சிக்கிக்கொண்ட கற்களை விரல்விட்டு எடுப்பது அவள் வேலை.

தூக்கம் பகலில்தான். 2006 சித்திரையில் அதுவும் போயிற்று. அவளுடைய ஒற்றை அறைக்கு மெல்லிய கான்கிரீட் கூரை. பத்து மணிக்கெல்லாம் உள்ளே அனலடித்தது.

மேஸ்திரி அழகுமலை வந்து மேலே ஏறிப் பார்த்தார்.

"செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டா குளுந்துருமுங்க. ஆனா இந்தச் செவுரு அந்தப் பாரம் தாங்காதுங்க. பாரமில்லாத கல்லு கெடைச்சா போடலாமுங்க."

பாரமில்லாத கல் என்றதும் அவளுக்கு யூனிட்டின் பின்புறம் கிடந்த குவியல் நினைவுக்கு வந்தது. தேய்ந்து சிறுத்து, மெஷினுக்கு ஆகாமல் கொட்டிய கற்கள். சூப்பர்வைசர் கந்தவேலிடம் கேட்டாள்.

"எடுத்துக்கங்க. எரிமலைக் குழம்பு நொரையாவே எறுகிப்போன கல்லு அது, கப்பல்ல வருது. நொரை இல்லாம எறுகினா கன்னங்கரேல்னு கனமா இருக்கும். புனே பக்கம் நான் வேலை பாத்தப்ப ஊடெல்லாம் அதுலதான் கட்டியிருந்தாங்க."

இருபது சாக்கு வந்தது. அழகுமலை முதலில் ஒரு மூலையில் மட்டும் சிமெண்டில் கலந்து போட்டார். மறுநாள் கையால் தேய்த்தால் பொலபொலவென்று உதிர்ந்தது.

"இது ஆகாதுங்க," என்று கரண்டியைக் கழுவப் போனார்.

மருதாள் உதிர்ந்த கல்லை எடுத்துப் பார்த்தாள். "அண்ணாச்சி, இது தண்ணி குடிக்கிற கல்லு. மெஷின்ல போட்டதும் மிதக்கும், குடிச்ச பெறவுதான் அமுங்கும். கலவையில இருந்த தண்ணியப் பூரா இது குடிச்சிருக்கும். ஊறவச்சுப் பாப்போமா?"

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "சரீங்க. ரெண்டு நாளு ஊறட்டும்."

யூனிட்டின் மருந்து வாடை போக மூன்று தண்ணீர் அலசி, டிரம்மில் ஊறவைத்தாள். இந்த முறை கலவை இறுகிப் பிடித்தது. நான்கு விரல் கனத்துக்குப் பரப்பி, மேலே சிமெண்ட் பூசி, மழைத் தண்ணீர் ஓடச் சரிவும் வைத்தார் அழகுமலை. பத்து நாள் அவளே நீர் தெளித்தாள்.

அதன் பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை ஷிப்டு முடிந்து வந்து படுத்தவள், விழித்தபோது வெளியே தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. அன்று அரை மணி நேரம் தாமதமாகத்தான் வேலைக்குப் போனாள்.

கந்தவேல் கடிகாரத்தைப் பார்த்தார்.

"தூங்கிட்டேன் சார்," என்றாள் மருதாள்.