சேர்வராயன் ஒண்ணு, சேர்வராயன் ரெண்டு

விண்டோஸ் 95-ல் வீடியோ எடிட்டிங் செய்தேன் என்றால் இன்றைக்குப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். நல்லாச் சிரியுங்கள். ஒரு நிமிஷப் படத்தை ஹார்டு டிஸ்கில் ஏற்றினாலே நூறு எம்.பி.க்கு மேல் தின்றுவிடும். ஏற்றும்போது மெஷின் கொஞ்சம் திணறினாலும் நடுவில் ஃப்ரேம் விழுந்துவிடும். தாலி கட்டுகிற கை விட்டு விட்டு நகரும்.

ஏற்காட்டில் ஒண்டிக்கடை முக்கில் எங்கள் ஸ்டுடியோ. படம் பிடிப்பது முதலாளி. கம்ப்யூட்டர் என் பொறுப்பு. முதல் வாரமே ஒருவர், "ஏனுங்க, மாப்பிள்ளைக்கு வலிப்பு வந்தாப்புல இருக்குதே?" என்று கேசட்டைத் திருப்பி வைத்துவிட்டுப் போனார். எனக்கு மானம் போயிற்று. அன்றிலிருந்து வெறி பிடித்தவன் மாதிரி சிஸ்டத்தைக் குடைய ஆரம்பித்தேன்.

வால்பேப்பர், ஸ்கிரீன்சேவர் எல்லாம் தூக்கினேன். சிடி டிரைவ் சிடி இருக்கிறதா என்று தானாகவே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும், அதை நிறுத்தினேன். ஹார்டு டிஸ்கில் விண்டோஸ் இரவல் வாங்கும் விர்ச்சுவல் மெமரிக்கு ஒரே அளவு கொடுத்தேன். வாரம் ஒருமுறை டிஃப்ராக், சிதறிக் கிடக்கும் ஃபைல்களை நெருக்கி அடுக்குகிற வேலை. பெரிய ஃபைலை விண்டோஸில் அழித்தால் ரீசைக்கிள் பின்னில் போய் உட்கார்ந்துகொள்ளும், இடம் காலியாகாது. அதனால் எழுத்து மட்டும் தெரியும் டாஸுக்கு ரீஸ்டார்ட் செய்து அழிப்பேன். அதில் எனக்கு ஒரு கர்வம் வேறு.

சேர்வராயன் மலையில் சேர்வராயன் என்ற பெயருக்கா பஞ்சம்? சாமி பெயர், ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். அந்த மாதம் எங்களிடமே இரண்டு பேர். நாகலூர் சேர்வராயன் வீட்டுக் கல்யாணம்; மஞ்சக்குட்டை சேர்வராயன் மகளுக்குக் காதுகுத்து. நான் ஃபைலுக்குப் பெயரை முதலில் போட்டு ஊரைப் பின்னால் போட்டிருந்தேன். டாஸ் முழுப் பெயரைக் காட்டாது. ஆறு எழுத்தோடு வெட்டி, ஏற்றிய வரிசைப்படி எண் போட்டு, SERVAR~1, SERVAR~2 என்று மட்டும் நின்றது.

நாகலூர் கேசட்டைக் கொடுத்தாயிற்று, அதை அழிக்க வேண்டும். முதலில் ஏற்றியது நாகலூர்தானே, அப்படியென்றால் ஒண்ணுதான் நாகலூர் என்று அழித்துவிட்டேன். ஃப்ரேம் விழுந்ததால் நாகலூரை ஒருதரம் அழித்து, மஞ்சக்குட்டைக்குப் பிறகு மறுபடி ஏற்றியது நினைவிலேயே இல்லை. ஒண்ணு என்று நின்றது மஞ்சக்குட்டை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அழித்த கையோடு டிஃப்ராக்கும் ஓட விட்டேன்; காலியான இடத்தில் மற்ற ஃபைல்கள் வந்து உட்கார்ந்துவிட்டன. இனி எந்தச் சாஃப்ட்வேரும் அதை மீட்க முடியாது.

கேமரா கேசட்டிலாவது இருக்குமா? "ஏத்தியாச்சில்ல, கேசட்டு எதுக்குச் சும்மா கெடக்குது?" என்பது முதலாளியின் சட்டம். அதன் மேலேயே அடுத்த கல்யாணத்தைப் பிடித்திருந்தார்.

மறு வாரம் மஞ்சக்குட்டை சேர்வராயன் வந்தார். காப்பியும் கொஞ்சம் ஆரஞ்சும் வைத்திருக்கும் சின்ன விவசாயி. மழித்த தலை.

"காமாலைங்க. பதினைஞ்சு நாளா சேலம் ஆஸ்பத்திரியில வெச்சுப் பாத்தோம். போய்ட்டாளுங்க" என்றார். அவர் மனைவி சின்னப்பொண்ணு.

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அவர் நின்றபடியே சொன்னார்.

"காதுகுத்துல கேமராவைப் பாத்து என்னமோ பேசினாளாமுங்க. புள்ள பெருசானதும் கேக்கட்டும்னு. நான் அப்ப பந்தியில நின்னேன். என்ன புள்ள சொன்னேன்னு கேட்டா, கேசட்டு வரட்டும், நீயும் அப்பக் கேட்டுக்கன்னு சிரிச்சா. எப்பங்க தருவீங்க?"

என்னால் முடிந்தது ஒரு பொய். "மெஷின் கெட்டுப்போச்சுங்க. எல்லாம் அழிஞ்சு போச்சு" என்றேன்.

அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. "மெஷினுதானுங்களே. நீங்க என்ன பண்ணுவீங்க பாவம்" என்று என்னைத் தேற்றினார்.

அதற்குப் பிறகு ஊர்ப் பெயரை முன்னால் போட்டேன். வாடிக்கையாளர் கையில் கேசட் போகிற வரை மூலக் கேசட்டைத் தொடவிடவில்லை. முதலாளியிடம் சண்டை போட்டே அதைச் சாதித்தேன். எனக்குக் கீழே வேலை பார்த்தவர்களுக்கும் அதையே சொல்லிக் கொடுத்தேன். எல்லாம் சரிதான். சேர்வராயனிடம் உண்மையை மட்டும் இன்றுவரை சொல்லவில்லை.

அன்றைக்கு வாசல் வரை போனவர் திரும்பி வந்தார்.

"ஏனுங்க, முதலாளிகிட்டயும் கேட்டேன். மேளச் சத்தத்துல காதுல உழுகலைன்னுட்டாரு. நீங்க அந்தப் படத்தை நொம்பத் தடவை ஓட்டிப் பாத்திருப்பீங்கல்ல? அவ என்ன சொன்னான்னு ஞாபகம் இருக்குதுங்களா?"

இருபது தடவையாவது பார்த்திருப்பேன். சின்னப்பொண்ணின் உதடு அசைவது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. ஃப்ரேம் விழுகிறதா என்று மட்டும்தான் பார்த்தேன். ஒரு தடவைகூட ஸ்பீக்கரைப் போடவில்லை.